பருந்துக்கு வசூல்: எங்கள் குடியிருப்பில் செய்யலாம் என்று இருக்கிறோம், யோசனை சொல்லுங்கள்

ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்த வாரம் எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கேபிள் ஒயருக்கும் நடுவே ஒரு பருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாஞ்சா நூல், கண்ணாடித் தூள் தடவிய பட்ட நூல். இறக்கையை அடிக்க அடிக்க நூல் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. வாட்ச்மேன் அண்ணன்தான் ஏணி போட்டு ஏறி, கோணிச்சாக்கால் மூடி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து இறக்கினார். நாங்கள் போன் போட்ட முதல் இரண்டு இடங்களிலும் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். மூன்றாவதாகக் கிடைத்தது ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் நடக்கும் ஒரு சின்ன மையம். ஒரு டாக்டர், மூன்று உதவியாளர்கள், வனத்துறை அனுமதி, ஒரு பழைய ஆம்னி வண்டி. அவ்வளவுதான்.

இறக்கையின் முன்பக்கத்தில் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு தோல் மடிப்பு இருக்கிறதாம், அது கிழிந்திருந்தது. 11 வாரம் வைத்திருந்து ஏப்ரலில் பறக்கவிட்டார்கள். எங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

எங்கள் குடியிருப்பில் 212 வீடு. வசூல் செய்து கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேசினோம். வந்த யோசனைகள் மூன்று: ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் (டி-ஷர்ட்டோடு), மெல்லிசை இரவு, பிள்ளைகளை மையத்துக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டி ஆளுக்கு 200 ரூபாய் கட்டணம். அனுபவம் இருப்பவர்கள் எது சரிப்படும் என்று சொல்லுங்கள்.

கொரட்டூர்வாசி

ஓட்டம் வேண்டாம் சார். எங்கள் ஏரிக்காக ஒரு தடவை ஓடினோம். டி-ஷர்ட், பதக்கம், பேனர், மைக்செட், பந்தல், தண்ணீர் பாட்டில் எல்லாம் போக மிஞ்சிய பணத்தில் ஏரிக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்தோம். பலகை இருக்கிறது. ஆகாயத்தாமரையும் இருக்கிறது. டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் ஒட்டடை அடிக்கிறேன்.

கூண்டுக்காரி

கோயம்புத்தூரில் இதே மாதிரி ஒரு மையத்தில் ஆறு வருஷமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். மற்ற இரண்டும் எப்படியோ, மூன்றாவதைக் கட்டாயம் கைவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

காட்டுயிருக்கு மனிதன் என்றால் தன்னைத் தின்ன வருகிற மிருகம். நாம் பாசமாகப் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியாது. கூண்டுக்கு முன்னால் பத்துப் பேர் வந்து நின்றால் பருந்து பயந்து கம்பியில் மோதும், வால் இறகு முறியும். முறிந்த இறகு உடனே வளராது. அது உதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை காத்திருக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கு ஆகும். பறவை வந்த அன்றே எங்கள் டாக்டர் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி வாலுக்கு உறை மாதிரி சுற்றி டேப் போட்டுவிடுவார், இறகு முறியாமல் இருக்க. ஸ்கேன் சென்டர்களில் கெஞ்சி வாங்கி வருவோம். இப்போது எல்லாம் சிடியில் கொடுப்பதால் அதற்கும் தட்டுப்பாடு.

குஞ்சுகள் வேறு ரகம். அவை பயப்படாது, பழகிவிடும். ஆந்தைக்குஞ்சு மனிதக் கையைப் பார்த்தே வளர்ந்தால் நாளைக்கு யார் வீட்டு ஜன்னலிலாவது போய் உட்காரும், கல்லடி வாங்கும். எங்கள் மையத்தில் குஞ்சுகளுக்குத் தீனி வைப்பவர்கள் முகத்தை மூடிக்கொண்டுதான் போவோம், பேசக்கூட மாட்டோம்.

மாடிவீட்டு மணி

மேடம், ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பார்க்கவும் விடமாட்டீர்கள், தொடவும் விடமாட்டீர்கள், அப்புறம் எதைப் பார்த்து நான் பணம் கொடுப்பது? கோயில் உண்டியலில் போட்டாலாவது சாமியைப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜி.எச்.சில் வராண்டாவில் மனுஷன் படுத்திருக்கிறான். நாம் பருந்துக்கு எக்ஸ்ரே எடுக்கிறோம்.

கொரட்டூர்வாசி

வந்துட்டார்யா. ஜி.எச்.சுக்கு நீங்கள் போன மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள் மணி சார்?

கூண்டுக்காரி

மணி சாரைக் கிண்டல் செய்ய வேண்டாம், அவருடைய முதல் கேள்வி எங்களையே தூங்கவிடாத கேள்வி. எங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் வெளியில் காட்ட ஒன்றுமே இருக்காது. இருட்டான, அமைதியான அறை, துணி மூடிய கூண்டுகள், பினாயில் வாசனை, கடைசியில் ஒரு நாள் கதவைத் திறந்தால் பத்து விநாடியில் காணாமல் போகும் பறவை. நன்றி சொல்லாது, திரும்பிக்கூடப் பார்க்காது. மடியில் உட்கார்ந்து பால் குடிக்கும் அணில்குட்டி வீடியோ போட்டால் அன்றைக்கே பணம் கொட்டும். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துப் பத்துப் பேர் அணில்குட்டியை வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

செலவு எதில் போகிறது என்று கேட்டால் அதிலும் கவர்ச்சி கிடையாது. சம்பளம், வாடகை, கரண்ட் பில், கோழி, எலி, வலி மருந்து, எக்ஸ்ரே, பெட்ரோல், வலை. கோழிக்கூண்டுக் கம்பிவலை பருந்துக்கு ஆகாது, இறகை அரித்துவிடும். மென்மையான வலை வேண்டும், விலை அதிகம். துணி துவைக்கும் மெஷின் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது. "உதவியாளர் சம்பளத்துக்குக் கொடுங்கள்" என்று போஸ்டர் அடித்தால் யார் கொடுப்பார்கள்?

கரோல்பாக் தமிழன்

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். இங்கே வசீராபாத்தில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்கள் நடத்தும் பழைய பறவை ஆஸ்பத்திரி இருக்கிறது, நான் போயிருக்கிறேன், கிளியும் புறாவும் வரிசையாகக் கூண்டில் இருக்கும். இவர்கள் சின்ன வயதில் அடிபட்ட பருந்தை அங்கே கொண்டுபோனபோது, அது மாமிசம் தின்னும் பறவை என்று சேர்த்துக்கொள்ளவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று ஆரம்பித்து, 2010இல் 'வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ' என்ற பெயரில் முறையாக நடத்தத் தொடங்கினார்கள். குடும்பத் தொழில் சோப்பு டிஸ்பென்சர் செய்வது. அதே நிலவறைப் பட்டறையில்தான் பருந்துக்கு ஆபரேஷனும்.

அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் சண்டான்ஸிலும் கேனிலும் பரிசு வாங்கியது, 2023இல் ஆஸ்கர் கடைசிப் பட்டியல் வரை போனது. உலகமே பார்த்தது. நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் புகழ் வருவதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பருந்துகளுக்குக் கறி வாங்கியது சோப்பு டிஸ்பென்சர் விற்ற பணத்தில். அந்த மாதிரி எத்தனை பேருக்குப் படம் எடுக்க ஆள் வரும்? உங்கள் மையத்து டாக்டருக்கு வருமா? எல்லா வருஷமும் ஆகஸ்ட் 15க்குப் பட்டம் விடுவார்கள், எல்லா வருஷமும் பருந்து விழும். ஒரு நாள் கச்சேரி வைத்துக் கட்டுப்படியாகும் சமாச்சாரம் இல்லை இது.

வ.உ.சி.நகர் தம்பி

அண்ணா, நான் ஒன்று சொன்னால் திட்டக்கூடாது. சின்ன வயசில் நானும் மாஞ்சா போட்டவன்தான். டியூப்லைட்டை உடைத்து, துணியில் வைத்துக் கல்லால் நுணுக்கி, சலித்து, வஜ்ரத்தோடு காய்ச்சி, கலர் போட்டு, இரண்டு லைட் கம்பத்துக்கு நடுவில் நூலைக் கட்டி இழுத்துக்கொண்டே போவோம். கை எல்லாம் கிழியும். காத்தாடியில் டீல் விட்டு அடுத்த தெருக்காரன் நூலை அறுத்தால் அன்றைக்கு நான்தான் ராஜா. அறுந்த நூல் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மரத்தில் போய் மாட்டும், அவ்வளவுதான் தெரியும்.

இப்போது வருகிற நைலான் நூல் மக்கவும் மக்காது. 2017 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது, இங்கே போலீஸ் பிடிக்கவும் செய்கிறது, ஆனாலும் கிடைக்கிறது. எங்கள் ஏரியாவில் நாங்கள் எட்டுப் பேர் தொரட்டிக்கோல் வைத்து மாதம் ஒரு ஞாயிறு மரத்தில் மாட்டிய நூலை எடுக்கிறோம். எங்களால் பணம் கொடுக்க முடியாது. உங்கள் பக்கம் நூல் எடுக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், வருகிறோம். டீ மட்டும் போதும்.

ஏரிக்கரை

தம்பி, கட்டாயம் வாருங்கள். டிபனும் உண்டு.

தேக்கா சிவா

சிங்கப்பூரிலிருந்து. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாதாமாதம் அனுப்பத் தயார். யாருடைய ஜிபே நம்பருக்கு அனுப்ப வேண்டும்?

கணக்குப்பிள்ளை

யாருடைய ஜிபேவுக்கும் அனுப்ப வேண்டாம்! நிறுத்துங்கள்.

ஏரிக்கரை சார், உங்கள் பொருளாளர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் சொந்தக் கணக்கில் 212 வீட்டுப் பணம் விழுந்தால் நாளைக்கு வருமான வரிக்காரருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கோயில் வசூல் ஒன்று இப்படிப் போய், பைசா திருடாத மனுஷன் வீட்டை விற்றுவிட்டுப் போனார். பணம் நேராக மையத்தின் அறக்கட்டளைக் கணக்குக்குப் போகட்டும். உங்கள் வேலை ஆள் சேர்ப்பது மட்டும்.

மையத்துக்கு நன்கொடை வரிக் கழிவுப் பதிவு (80ஜி என்று சொல்லிவந்தது) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கொடுப்பவர் கொடுத்ததில் பாதியை வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் (வருமானத்தைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு). ஆனால் புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, இதை யாரும் சொல்வதில்லை, மார்ச் மாதம் சண்டைக்கு வருவார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை. நிதியாண்டு முடிந்ததும் மையம் நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும், வெறும் ரசீது செல்லாது.

சிவா தம்பி, உங்களுக்கு ஒரு கேள்வி. கையில் இருப்பது எந்த பாஸ்போர்ட்? இந்திய பாஸ்போர்ட் என்றால் உங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) இருந்தாலும் வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க மையத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் தனிக் கணக்கும் வேண்டும். தெரியாமல் வாங்கினால் மாட்டிக்கொள்வது அந்த டாக்டர்.

தேக்கா சிவா

இரண்டு பேர் இந்திய பாஸ்போர்ட், மூன்று பேர் சிவப்பு, அதாவது சிங்கப்பூர் பாஸ்போர்ட். அப்போ அந்த மூன்று பேரும் ஊருக்கு வரும்போது பழைய பெட்ஷீட் கொண்டுவரலாமா?

கூண்டுக்காரி

பழைய பெட்ஷீட் ஊரிலேயே கிடைக்கும் தம்பி, ஏரிக்கரை சார் குடியிருப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலே ஒரு வருஷத்துக்குப் போதும். டவல் மட்டும் வேண்டாம், நகம் நூலில் மாட்டும்.

விருதுநகர் கடைக்காரர்

கணக்கு நல்லாச் சொன்னீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் மகமை என்று ஒன்று உண்டு. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று கடைக்காரர்கள் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அதில்தான் பள்ளிக்கூடங்களே கட்டினோம். யாரும் மேடை போட்டுக் கேட்டதில்லை, வியாபாரத்தோடு சேர்ந்தே போய்விடும். உங்கள் ஏரியாக் கோழிக்கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். பணமாகக் கேட்டால் யோசிப்பார். "நாள் ஒன்றுக்கு இரண்டு கிலோ" என்றால் கொடுத்துவிடுவார்.

கூண்டுக்காரி

அருமை. ஆனால் ஒரு சின்ன விஷயம். வெறும் சதையை மட்டும் போட்டால் குஞ்சுகளுக்கு எலும்பு வளைந்துவிடும். எலும்போடு, தோலோடு முழு இரை வேண்டும். ஆந்தைக்கு எலி, கோழிக்குஞ்சு மாதிரி முழுதாக வேண்டும், ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கினால்தான் அதற்கு ஜீரணம். கடைக்காரரிடம் கழுத்தும் தலையும் கேளுங்கள். எப்படியும் தூக்கித்தான் போடுகிறார். உப்பு, மசாலா படாதது.

பேராவூரணி பெரியவர்

ஆடி மாதம் வருகிறதே, மொய்விருந்து வையுங்களேன். எங்கள் பக்கம் ஒரு கிடா வெட்டி விருந்து போட்டால் லட்சக்கணக்கில் விழும். பத்திரிகை அடித்து, பந்தியில் உட்காரவைத்து, நோட்டுப் போட்டு எழுதிவிட வேண்டியதுதான்.

மாடிவீட்டு மணி

ஐயா, மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பருந்து வந்து எழுதுமா?

பேராவூரணி பெரியவர்

அதுவும் சரிதான். வந்தால் கிடாவில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஏரிக்கரை

சிரித்துவிட்டேன் ஐயா. இன்னொரு சந்தேகம். கமிட்டியில் ஒருவர் சொல்கிறார், போஸ்டரில் "காப்பாற்றி வானில் விட்டோம்" என்று மட்டும் போட வேண்டும், சாவைப் பற்றிப் பேசினால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று. சரியா?

கூண்டுக்காரி

இதில் எங்கள் மையத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் சொல்லிவிட வேண்டும் என்கிற கட்சி.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலையில் ஏழு உயிர் வந்தது. ஒரு குயில்குஞ்சு, இரண்டு புள்ளி ஆந்தை, ஒரு பழந்தின்னி வௌவால், ஒரு சாரைப்பாம்பு, இரண்டு காக்கை. சாயங்காலத்துக்குள் மூன்று போய்விட்டன. ஒரு காக்கைக்கு முதுகெலும்பு முறிவு, டாக்டர் ஊசி போட்டு அனுப்பிவைத்தார். பொட்டலம் கட்டியது நான். கொண்டுவந்த பையன் ராத்திரி போன் செய்து "எப்படி இருக்கு அக்கா?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் 50 ரூபாய் அனுப்பியிருந்தான், குறிப்பில் "காக்கா" என்று போட்டு. அவனிடம் நான் பொய் சொல்லியிருந்தால் அந்த 50 ரூபாயை எந்த முகத்தோடு வாங்குவது?

காக்கைக்கு வசூல் ஆகாது என்பார்கள். 1972 வனவுயிர்ச் சட்டத்தில் எலியோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிர் என்றுதான் காக்கையையும் அட்டவணையில் வைத்திருந்தார்கள். அந்த அட்டவணையே 2022 திருத்தத்தில்தான் போனது.

ரிட்டயர்டு டீச்சர்

நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. காக்கை என்றதும் எழுதத் தோன்றியது.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு திதிக்கும் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போகும். வந்து வாய் வைத்தால்தான் நாங்கள் சாப்பிடுவோம். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் திதிக்குக் கோயிலில் அன்னதானத்துக்குக் கட்டிவருகிறேன். கோயிலில் 'கட்டளை' என்று உண்டு அல்லவா, வருஷத்தில் இந்த நாள் இன்னார் கட்டளை என்று பலகையில் எழுதியிருக்கும். தாத்தா எழுதிவைத்ததைப் பேரன் நடத்துவான்.

அந்த மையத்தில் ஒரு நாள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சம்பளத்துக்கும் எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டு, வருஷத்தின் ஒவ்வொரு நாளையும் ஒருவருக்குக் கொடுங்கள். பிறந்த நாள், கல்யாண நாள், திதி. பார்க்க ஒன்றும் வேண்டாம். என் நாளில் பசியோடு எதுவும் இருக்கவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். எனக்குப் புரட்டாசி தேய்பிறை சப்தமி வேண்டும். ஆங்கிலத் தேதி வருஷாவருஷம் மாறும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூண்டுக்காரி

டீச்சரம்மா. ஆறு வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளை

இது நடக்கும். மாதாமாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியும், வாடகை பாக்கி வராது. கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்கும் விலங்கு நலன் தகுதியான தலைப்புதான், ஆனால் அதற்கு அறக்கட்டளைக்கு மூன்று வருஷ அனுபவம், சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாம் வேண்டும். அதை வலை, எக்ஸ்ரே மெஷின் மாதிரிப் பெரிய சாமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினச் செலவைக் கம்பெனியை நம்பி விடாதீர்கள், அடுத்த வருஷம் அவர்கள் மரம் நடப் போய்விடுவார்கள்.

ஏரிக்கரை (ஐந்து வாரம் கழித்து)

நிலவரம் சொல்கிறேன். டாக்டரிடம் பேசினோம். முதலில் தயங்கினார், "கணக்கை எல்லாம் வெளியில் காட்டினால் இவ்வளவுதான் சம்பளமா என்று கேட்பார்களே" என்றார். கேட்கட்டும் என்றோம். ஒரு நாளைக்கு 3,400 ரூபாய் என்று வந்தது. முழு நாள், அரை நாள், கால் நாள் என்று பிரித்து, லிஃப்ட் பக்கத்தில் 365 கட்டம் போட்ட சார்ட் ஒட்டினோம். பணம் நேராக மையத்துக்கு. இதுவரை 94 நாள் நிரம்பியிருக்கிறது. முதல் ஆளாகக் கட்டத்தில் எழுதியது வாட்ச்மேன் அண்ணன், கால் நாள், ஜனவரி 17. பருந்தை இறக்கிய தேதி.

கோழிக்கடைக்காரர் செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாள் தருகிறார். அந்த இரண்டு நாளும் வியாபாரம் இல்லையாம், கழுத்தும் இல்லை. மெல்லிசை இரவை ரத்து செய்ததில் செயலாளருக்குக் கொஞ்சம் வருத்தம், அவர் பாடுவதாக இருந்தார்.

ஜூன் மாதம் மட்டும் கிட்டத்தட்ட காலி. யாரும் ஜூனில் பிறக்கவில்லையா?

மாடிவீட்டு மணி

ஜூன் 11 எனக்குப் போடுங்கள். அரை நாள். இன்னொரு அரை நாள் பணம் ஜி.எச்.சுக்கு.

வ.உ.சி.நகர் தம்பி

அண்ணா அவசரம். மரம் வெட்டிய இடத்தில் இரண்டு அணில்குட்டி, கண் திறக்கவில்லை, சில்லென்று இருக்கிறது. பசும்பால் கொடுக்கலாமா?

கூண்டுக்காரி

பால் வேண்டாம்! எதுவும் வாயில் ஊற்றாதே, நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சூடு. பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் அடைத்து, துணி சுற்றி, அட்டைப்பெட்டியில் பக்கத்தில் வை. மரம் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார், தாய் வந்து தூக்கிக்கொண்டு போகும். பூனை, காக்கை வராமல் பார்த்துக்கொள். வரவில்லை என்றால் ஏரிக்கரை சார் சொன்ன மையத்துக்குப் போன் போடு.

வ.உ.சி.நகர் தம்பி

சரி அக்கா. நிற்கிறேன்.

வ.உ.சி.நகர் தம்பி

ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்றுக்கும் வருமா?

கூண்டுக்காரி

வரும். அங்கேயே இரு.